நூற்றைம்பதுக்கு மிகாமல்

வரிசை மூன்று படி நகர்ந்து மறுபடியும் நின்றது. மலைப்பாம்பு என்று பெயர் வைத்திருக்கும் அந்தச் சறுக்குக் குழாயின் வாய்க்குப் போக நூற்றுப் பன்னிரண்டு படிகள். சென்னியப்பன் இப்போது நிற்பது முப்பத்தெட்டாவதில். இந்த நூற்றுப் பன்னிரண்டு போன வருஷம் எண்ணியது, அதுவும் இறங்கும்போது. ஏறுகிறவன் படியை எண்ணுவதில்லை, இறக்கிவிடப்பட்டவன்தான் எண்ணுவான். அவனுக்கு முன்னால் மகள் மிருதுளா, பதிமூன்று வயசு, ஈரத்தலையை ஒரு கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டு நிற்கிறாள். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் டியூபின் ஒரு கைப்பிடி அவளிடம், மறு கைப்பிடி அவனிடம். இந்த அலைக்கோட்டைப் பார்க்குக்கு ஈரோட்டிலிருந்து போன வருஷக் காலாண்டு லீவுக்கும் வந்தார்கள், இதே டியூப், இதே படி. மேலே ஒரு எடை மேடை இருக்கிறது. 'இருவர் மொத்த எடை 150 கிலோவுக்கு மிகாமல்' என்று கீழேயே பலகை வைத்திருக்கிறார்கள், அன்றைக்கும் வைத்திருந்தார்கள், அதை யார் படித்தார்கள். அன்றைக்கு அவன் நூற்றுப் பதினாலு, மிருது நாற்பத்தொன்று. விசில் மாட்டியிருந்த ஆள் சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சார் ஓவர் வெயிட், நீங்க எறங்கிடுங்க. பாப்பா வேணும்னா வேற யார்கூடயாவது போகட்டும்" என்றார். பாப்பா வேறு யாருடனும் போகவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் அவனுக்கு முன்னால் திரும்பி நடந்தாள். ஏறி வருகிறவர்கள் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி இவர்களுக்கு வழிவிட்டார்கள், அதுவும் அவனுடைய சுற்றளவுக்குத் தாராளமாகவே விட்டார்கள். கீழே வந்ததும் முகத்தைக் காட்டாமல் ஓடிப்போய் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டாள். அந்த முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்காத முகத்தைத்தான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பல் துலக்கும்போது, வண்டி ஓட்டும்போது, இரண்டாவது தோசை வேண்டாம் என்று தட்டை நகர்த்தும்போது. பத்து வயசுவரை அப்பாவின் தொப்பைமேல் தலை வைத்துப் படுத்த பிள்ளை, அன்றைக்கு ஊரே பார்க்க அப்பாவால் வெட்கப்பட்டாள் என்பது நினைக்கும்போதெல்லாம் தொண்டையில் மாத்திரை மாதிரி நிற்கும். இன்றைக்கு அதைக் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம், வேறு ஒரு வேண்டுதலும் இல்லை.

இதில் கூத்து என்னவென்றால் அவன் தொழிலே எடை போடுவதுதான். பெருந்துறை ரோட்டில் கம்ப்யூட்டர் எடை மேடையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். மஞ்சள் லோடு, சிமெண்டு லோடு, சாணி லோடுகூட. காலி வண்டி எடை, லோடு வண்டி எடை, கழித்தால் சரக்கு எடை. டிரைவர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறானா இறங்கிவிட்டானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அமுக்குவான். அப்படிப்பட்ட ஆளின் சொந்த எடை அன்றுவரை அவனுக்கே தெரியாது. போன வருஷம் ஊருக்குத் திரும்பிய மறுநாள் மேடையில் தனியாக ஏறி நின்றான். லாரி மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. நூற்றுப் பத்து என்றது, கொஞ்சம் தள்ளி நின்றால் நூற்றிருபது என்றது, பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் இவனுக்குப் பில் போடச் சொல்லிச் சிரித்தார்கள். அப்போது புரட்டாசி பாதி மிச்சம் இருந்தது. எப்படியும் வீட்டில் கறி கிடையாது, அந்தப் பாதி மாசம் பெருமாள் பேரில் ஓடிவிட்டது. ஐப்பசி ஒன்றாம் தேதி விடிந்ததும் தெருவே தூக்குப்போசியோடு கறிக்கடை வாசலில் நின்றது, இவன் நிற்கவில்லை. மனைவி கோகிலவாணி பையை எடுத்து நீட்டினாள், அவன் வாங்கவில்லை. "ஏனுங்க, புரட்டாசி முடிஞ்சுருச்சுங்க" என்றாள். "எனக்கு இன்னும் முடியல" என்றான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா என்பது சந்தேகம். மறுநாள் காலையில் ஆறு இட்லி வருகிற தட்டில் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் பச்சைப்பயறும் வந்தன. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவளுக்கு எப்போதுமே எல்லாம் தெரியும், அது வேறு பயம்.

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, வரிசை நின்றது. அப்புறம் நடந்ததை ஒரு வருஷம் என்று சொல்வதா ஒரு மூட்டை சுண்டல் என்று சொல்வதா. கொள்ளு, தட்டைப்பயறு, வேகவைத்த நிலக்கடலை, கீரை, சுரைக்காய், வெள்ளரிக்காய், மறுபடி கொள்ளு. முதல் மாசம் அழுகை வந்தது, நிஜமாகவே ஒருநாள் மொச்சையைப் பார்த்துக் கண் கலங்கினான். இரண்டாம் மாசம் கொள்ளு ரசத்தில் பூண்டு தட்டிப்போட்ட வாசம் தெருமுனைக்கே வந்து அவனைக் கூப்பிட்டது. மூன்றாம் மாசம் குனிந்து செருப்பு வாரை மாட்டினான், மூச்சு வாங்கவில்லை, நிமிர்ந்தவன் மறுபடி குனிந்து கழற்றி மறுபடி மாட்டினான், பார்க்க யாரும் இல்லாததால் மூன்றாம் தடவையும் மாட்டினான். பெல்ட்டில் ஆணியை நெருப்பில் காய்ச்சிப் புது ஓட்டை போடுகிற சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பசி என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிய வந்தது. அதுவரை நேரம் ஆனால் சாப்பிட்டான், இப்போது பசித்துச் சாப்பிட்டான், வெள்ளரிக்காயில் உப்பும் மிளகும் போட்டால் அதற்கு இத்தனை ருசி இருக்கிறது என்று இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. திருப்பூரிலிருந்து அக்கா போன் பண்ணி, சாப்பிட்டியா சென்னி என்பாள். சாப்பிட்டேன் என்பான். என்ன சாப்பிட்டே என்பாள். சுண்டல் என்பான். அது சரி, சாப்பாடு எப்போ என்பாள். இன்று காலை பார்க் வாசலில் நடந்ததும் இதே கதைதான். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று பலகை, பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி அம்மாள். "பையில சாப்பாடு எதுனா வெச்சிருக்கீங்களாம்மா?" கோகிலா கண்ணைச் சிமிட்டாமல், "சாப்பாடு இல்லீங்க" என்றாள். அந்த அம்மாள் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே நாலு டப்பா. "இன்னாம்மா இது?" "சுண்டலுங்க." "இது?" "நெலக்கடலைங்க, வேகவெச்சது." "சாப்பாடு இல்லேன்னீங்க?" "சாப்பாடு இல்லீங்களே. சாப்பாடுன்னா சோறுங்க. இது சும்மா வாயில போடறதுங்க." பொய் சொல்லுகிற முகமே அது இல்லை. பொய்யும் இல்லை. அவர்கள் வீட்டில் ராத்திரி இட்லி என்றால் இன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது உண்மை என்றால், ஒரு வருஷமாக அவன் சாப்பிடவே இல்லையா. சாப்பிடாமல்தான் இத்தனை சந்தோஷமாக இருந்தானா. அந்த அம்மாள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "டயட்டு சாருக்கா?" "ஆமாங்க, ஒரு வருசமா." "எங்க வூட்டுக்காரர்கிட்டயும் யாராச்சும் சொன்னா தேவல" என்று சிரித்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி ஜிப்பை மூடினாள். இப்போது கோகிலா கீழே குடைக்கடியில் அந்தப் பைக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள். மேலேயிருந்து பார்த்தால் அவள் தாடை அசைவது தெரிகிறது, நிலக்கடலைதான்.

ஐம்பத்தாறாவது படியில் திருப்பம், அங்கே காற்று கீழேயிருக்கிற ஃபுட் கோர்ட் வாசத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது. கோபி மஞ்சூரியன். புரட்டாசி சனிக்கிழமை என்பதால் பாதிக் கடைகளில் 'முழுச் சைவம்' என்று பச்சைத் துணி கட்டியிருக்கிறார்கள். சைவம் என்றால் உடம்புக்கு நல்லது என்று எவன் சொன்னது, பஜ்ஜி சைவம், ஜிலேபி சைவம், சில்லி பரோட்டா சைவம், வனஸ்பதி டின்னும் சைவம்தான். நேற்று சாயந்திரம் ஹோட்டலில் வந்து இறங்கியதிலிருந்து இந்தச் சைவங்களோடுதான் சண்டை. எதைக் கேட்டாலும் மைதாவில் ஆரம்பித்து எண்ணெயில் முடிகிறது. பழச்சாறு கேட்டான், பாதி டம்ளர் சர்க்கரை. சாலட் கேட்டான், தயிர் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் கொட்டிக் கொண்டுவந்தார்கள், அதில் முட்டை இருக்கிறதாம், புரட்டாசியும் போச்சு உடம்பும் போச்சு என்று திருப்பி அனுப்பினான். கடைசியில் சமையல்கட்டு வாசலுக்கே போய், "அண்ணா, ரெண்டு கேரட்டு, ஒரு தக்காளி, வெட்டக்கூட வேண்டாங்க" என்று நின்றான், அவர்கள் அவனைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது இன்று காலை நடந்தது. ஹோட்டலில் காலை டிபன், வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவன் தட்டில் பப்பாளி, சட்னியே இல்லாத ஒரே ஒரு இட்லி. மிருது பூரி எடுத்தாள். அப்புறம் எழுந்துபோய் இன்னும் இரண்டு எடுத்தாள். அப்புறம் கேசரி. அவன் எண்ணினான். எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணினான், ஜூன் மாசம் பள்ளிக்கூடத்து மருத்துவ முகாமில் நாற்பத்தொன்பது, அதற்குப் பிறகு நாலு மாசம், வளர்கிற பிள்ளை, ஐம்பத்திரண்டு இருக்கும், ஐம்பத்திமூன்றா, செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டு மெஷினில் தனக்குத் தொண்ணூற்றேழு, கூட்டினால். மூன்றாவது பூரியை அவள் பிய்த்தபோது போதும் கண்ணு என்ற வார்த்தை நாக்குவரை வந்தது. நாக்கு நுனிவரை. வாயை இறுக்க மூடிக்கொண்டு எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றான், கழுவ ஒன்றும் இல்லாத கையைக் கழுவினான். இவன் தின்று கெடுத்ததற்கு அவள் பூரியை விடவேண்டுமா. அப்படி ஒரு நினைப்பு வந்த மண்டையை எந்த மேடையில் நிறுத்தி எடை போடுவது. திரும்பி வந்து, "இன்னொரு பூரி கொண்டாரட்டுமா கண்ணு?" என்றான். அவள், "வேண்டாம்ப்பா, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். வயிறு ஒரு மாதிரி என்றால் என்ன, அதிகமாகிவிட்டதா, எத்தனை கிராம் என்று உள்ளே எடைக்காரன் மறுபடியும் ஆரம்பித்தான்.

எழுபது தாண்டி எண்பது தாண்டி. குழாய்க்குள் ஒவ்வொரு டியூபும் விழும்போது படிக்கட்டு முழுக்க ஒரு அதிர்வு வந்து உள்ளங்காலில் ஏறியது, தூரத்தில் ஒரு அலறல் சுற்றிச் சுற்றிச் சிறுத்துக் கீழே போனது. நைலான் சட்டை ஈரத்தில் எவ்வளவு கனக்கும். அரைக் கிலோ. தலைமுடி ஈரம், அவளுக்கு நீள முடி, அது ஒரு நூறு கிராம். வழியில் குடித்த தண்ணீர் கால் லிட்டர், அது கால் கிலோ, அதை ஏன் குடித்தான். ஆனால் இதோ வியர்க்கிறதே, அது கழியும். இப்படிக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தவனுக்கு நடுவில் தன் கால் தெரிந்தது. சும்மா குனிந்தான், படியில் பத்து விரலும் வரிசையாக நின்றன. போன வருஷம் இதே படியில் நின்று பார்த்திருந்தால் வயிறுதான் தெரிந்திருக்கும். எண்பத்தெட்டுப் படி ஏறியிருக்கிறான், மூச்சு இரைக்கவில்லை, கைப்பிடிக் கம்பியைத் தொடவில்லை. மேலே அந்தச் சிவப்பு எண் என்ன சொன்னாலும் இது இருக்கிறதே. மாசித் தேர் இழுக்கிற கூட்டத்தில் இடிபட்டு நிற்கும்போது வருகிற மாதிரி ஒரு காரணம் இல்லாத சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது, பின்னாலேயே பயமும் கிளம்பியது. எண் ஒன்று சொல்லிவிட்டால் மறுபடி நூற்றுப் பன்னிரண்டு படி. மறுபடி அந்த முதுகு. மறுபடி அவள் ஒன்றும் பேசமாட்டாள். இவளும் இன்றைக்கு ஏன் ஒன்றும் பேசவில்லை, வழக்கமாக வாய் ஓயாதே. "என்ன கண்ணு, சத்தத்தையே காணோம்?" "ஒண்ணுமில்லப்பா." "குளிருதா?" "இல்லப்பா." அவளும் அந்த எண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், வேறு என்ன. பாவம், இன்னொரு தடவை எல்லார் முன்னாலும் திரும்பி நடக்கவேண்டுமோ என்று. நூற்று மூன்று. நூற்று ஏழு. முன்னால் நின்ற புதுமணத் தம்பதி மேடையில் ஏறினார்கள், நூற்றிருபத்திரண்டு, சிரித்துக்கொண்டே மறைந்தார்கள்.

இந்த வருஷம் விசில் மாட்டியிருந்தது ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், வெயிலில் நின்று நின்று கறுத்த முகம். டியூபை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். "ரெண்டு பேரும் ஏறுங்க சார், அசையாம நில்லுங்க." ஏறினார்கள். சிவப்பு எண் துள்ளியது, நூற்றைம்பத்தொன்று, நூற்று நாற்பத்தொன்பது, நூற்றைம்பத்தொன்று. சென்னியப்பன் மூச்சை நிறுத்தினான். அசைகிற எடை எடை இல்லை, இருபது வருஷமாக டிரைவர்களிடம் அவன் சொல்லுகிற பாடம், இப்போது தனக்கே சொல்லிக்கொண்டான். எண் இரண்டு தடவை சிமிட்டி நின்றது. நூற்றைம்பது. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "கரெக்டா நூத்தம்பது காட்டுதே சார்." வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள். அவனுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை, கம்ப்யூட்டர் சீட்டைக் கிழித்து நீட்டும்போது வருகிற குரல். "மிகாமல்னு போட்டிருக்கீங்கம்மா. நூத்தம்பதுக்கு நூத்தம்பது மிகலீங்க. நூத்தம்பத்தொண்ணுதான் மிகும்." அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "சரி சார், உக்காருங்க" என்று டியூபைக் குழாயின் வாயில் வைத்தாள். ஒரு வருஷம். ஒரு மூட்டைக் கொள்ளு. சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, எல்லாரும் நனைந்திருக்கிற இடத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது. திரும்பினான், இப்போது அந்த முகத்தைப் பார்த்துவிடலாம் என்று திரும்பினான். மிருதுவின் முகம் வெளுத்திருந்தது. டியூபைப் பிடிக்காமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்கல்ல?" "சொல்லு சாமி." "எனக்குப் பயமா இருக்குப்பா. போன வருசமே பயம். அவங்க வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோசம்ப்பா. சிரிப்பு வந்துருச்சு. நீங்க பாத்துருவீங்கன்னுதான் முன்னால ஓடிட்டேன்." சிரித்துக்கொண்டா போனாள். அந்த முதுகு சிரித்துக்கொண்டிருந்த முதுகா. "அப்ப இன்னைக்கு ஏன் கண்ணு ஏறி வந்தே?" "நீங்க வருசம் பூரா இதையே நெனச்சு நெனச்சுப் பட்டினி கெடந்தீங்க. எப்படிப்பா வேண்டாம்னு சொல்றது." பட்டினி என்கிறாள், அவளுக்கும் அது சாப்பாடு இல்லை. கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. மாத்திரை தொண்டையை விட்டு இறங்கிய இடம் லேசாக இருந்தது. இவள் வெட்கப்படவே இல்லை, ஒருநாள்கூட இவள் அப்பாவால் வெட்கப்படவில்லை, அது போதும், அதற்குமேல் எந்தக் குழாயிலும் எவனும் விழவேண்டியதில்லை. "எறங்கிப் போயிரலாமா கண்ணு? நடந்தே போலாம். எனக்கு ஒண்ணும் இல்ல." அவள் குழாயை எட்டிப் பார்த்தாள். அவனும் பார்த்தான், ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குழாயைப் பார்த்தான். எண்ணைப் பற்றியே நினைத்தவன் இந்த ஓட்டையைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகிறது, நாலடி தள்ளி இருட்டு, அதற்கப்பால் ஒன்றும் இல்லை, யார் இதைக் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள். அவன் கை தானாகப் போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தது, அதை அவள் பார்த்துவிட்டாள். "அப்பா, உங்களுக்கும் பயமா?" "பயமாத்தான் இருக்குது" என்றான். அதைக் கேட்டதும்தான் அவளுக்குத் தைரியம் வந்தது, ஒரு சிரிப்புச் சிரித்தாள், போய் டியூபின் முன் ஓட்டையில் உட்கார்ந்தாள். "வாங்க, பின்னால உக்காருங்க, என்னை விட்றாதீங்க." விசில் ஊதியது, ஒரு தள்ளு. இருட்டு, தண்ணீர், பக்கச் சுவரில் ஏறித் தலைகீழாகிறோமோ என்ற ஒரு திருப்பம், வயிறு ஒரு வளைவு பின்தங்கி வந்து சேர்ந்தது, யாரோ ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டே வந்தார்கள், அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது வெளிச்சம், குளம், மூக்கு நிறையத் தண்ணீர். எழுந்து நின்றான், கண்ணைத் துடைத்தான். ரெண்டு முழம் தள்ளி மிருது தண்ணீரிலிருந்து எழுந்தாள், முடியை ஒதுக்கினாள், வாய் கொள்ளாத சிரிப்பு, அதை மறைக்க எங்கேயும் ஓடவில்லை.

"அப்பா, இன்னொரு வாட்டி போலாமா?"

"போலாங் கண்ணு" என்றான் சென்னியப்பன், டியூபைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு. "சாப்பிடறதுக்கு முன்னாலயே போயிரலாம், வா."